குடுவை இல்லாத இரசாயனம்: கோட்பாட்டு, கணினிசார் இரசாயனவியலில் பட்டப்பின் படிப்பு

2024ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசில் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கும் மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. பேக்கர் இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியில் வடிவமைத்தவர். மற்ற இருவரும் புரதங்களின் முப்பரிமாண அமைப்பைக் கணினியால் எதிர்வுகூறியவர்கள். ஆய்வுகூட மேசையை விடக் கணினியில் அதிகம் நடந்த வேலைக்கு இரசாயனவியல் பரிசா என்ற வியப்பு பலருக்கு எழுந்தது. இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் முடிக்கும் இலங்கையின் மலையக மாணவர்களுக்கு அந்த வியப்பு வேறு கேள்விகளாக மாறுகிறது. இது கணினிப் படிப்பா, இரசாயனப் படிப்பா? செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடுமானால் இதைப் படித்து என்ன பயன்? விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம் என்றால், வசதி குறைந்த இடத்திலிருந்தும் இதில் நுழைய முடியுமா?

இவற்றுக்கு விடை காண, இத்துறை எதைக் கணக்கிடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1. கணக்கிடப்படுவது எது?

நல்ல கொழுந்தில் செய்த தேயிலையைத் திடமாக ஊற்றி, பால் சேர்க்காத சாயத்தண்ணியாக ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்துப் பார்த்தால், சூடாக இருக்கும்வரை அது செம்பொன் நிறத்தில் தெளிவாக இருக்கும். ஆற ஆறக் கலங்கும். திரும்பவும் சூடாக்கினால் தெளியும். தேயிலை ருசி பார்ப்பவர்கள் இந்தக் கலங்கலைக் குறையாகக் கொள்வதில்லை. நல்ல தேயிலையின் அடையாளமாகவே கொள்கிறார்கள்.

கலங்குவதற்குக் காரணம் மூலக்கூறுகளின் சேர்க்கை. பச்சைக் கொழுந்தில் கெட்டெச்சின் என்ற சேர்வைகள் நிறைய உள்ளன. வாட்டிய கொழுந்தை உருட்டும்போது கலங்கள் உடைந்து, கெட்டெச்சின்கள் இலையிலேயே உள்ள நொதியத்தோடும் காற்றின் ஒட்சிசனோடும் கலக்கின்றன. அப்போது உருவாகும் சேர்வைகளுள் ஒன்றுதான் தேநீருக்குச் செம்மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் தியாஃப்ளேவின். தேநீர் ஆறும்போது, தியாஃப்ளேவினும் அதைப் போன்ற வேறு பொலிபீனோல்களும் கஃபீனோடு ஒட்டிக்கொண்டு, கரைய முடியாத நுண்துகள்களாகத் திரள்கின்றன.

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் இந்தத் திரளின் அளவை அளப்பார், அதில் எவை உள்ளன என்று பிரித்தறிவார். கணினிசார் இரசாயனவியலாளரின் கேள்வி வேறு. ஒரு கஃபீன் மூலக்கூறும் ஒரு தியாஃப்ளேவின் மூலக்கூறும் எந்த நிலையில், எவ்வளவு சக்தியோடு ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன? தியாஃப்ளேவினில் கலேற்றுக் கூட்டம் (கலிக் அமிலத்திலிருந்து வரும் அணுக்கூட்டம்) இணைந்திருந்தால் பிடிப்பு ஏன் இறுகுகிறது? இவற்றுக்கான விடையை அந்த மூலக்கூறுகளின் இலத்திரன்களிலிருந்தே அவர் கட்டியெழுப்ப முயல்கிறார். ஆகவே கேள்வியும் இரசாயனம், விடையும் இரசாயனம். கணினி நடுவில் நிற்கும் கருவி.

இங்கே இரு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. சமன்பாடுகளையும் புதிய கணிப்பு முறைகளையும் உருவாக்குவது கோட்பாட்டு இரசாயனவியல். உருவான முறைகளைக் குறிப்பிட்ட ஓர் இரசாயனப் பிரச்சினையில் பயன்படுத்துவது கணினிசார் இரசாயனவியல். பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஒரே பெயரின் கீழ் வந்தாலும் பயிற்சி வெவ்வேறானது: முதலாவதில் மாணவர் நாளெல்லாம் சமன்பாடுகளை வருவித்து நிரல் எழுதுவார், இரண்டாவதில் மூலக்கூறுகளோடும் பரிசோதனைத் தரவுகளோடும் மல்லுக்கட்டுவார். மேற்பார்வையாளர் ஒருவருக்கு விண்ணப்பிக்கும் முன்னரே தனக்கு எது வேண்டும் என்பதை மாணவர் தெளிந்துகொள்ள வேண்டும்.

2. சமன்பாடு உண்டு, தீர்வுதான் இல்லை

இலத்திரன்களின் நடத்தையை விவரிக்கும் சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் 1926இல் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், 1929இல், டிராக் ஒரு முக்கியமான கருத்தை எழுதினார்: இரசாயனம் முழுவதற்கும் தேவையான பௌதிக விதிகள் தெரிந்துவிட்டன, அவை தரும் சமன்பாடுகள் தீர்க்க முடியாத அளவு சிக்கலாக இருப்பதுதான் இனி உள்ள தடை. இத்துறையின் வரலாறு முழுவதும் அந்தத் தடையோடு நடக்கும் போராட்டமே.

ஐதரசன் அணுவில் ஓர் இலத்திரன். அதற்குத் துல்லியமான தீர்வு உண்டு. இரண்டாவது இலத்திரன் வந்தவுடனேயே, அவை ஒன்றையொன்று தள்ளுவதால், அத்தகைய எளிய மூடிய தீர்வு இல்லாமல் போகிறது. கருக்களை அசையாதவையாகக் கொண்டு இலத்திரன்களை மட்டும் கணக்கிடலாம் என்று போர்னும் ஒப்பன்ஹைமரும் 1927இல் காட்டியது பெரிய நிவாரணம். மிக இலேசான கருவான புரோத்தனே இலத்திரனைப் போல ஏறத்தாழ 1836 மடங்கு திணிவுடையது என்பதால் இது பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனாலும் அது போதாது.

தியாஃப்ளேவின் மூலக்கூறில் 29 காபன், 24 ஐதரசன், 12 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. இலத்திரன்கள் மொத்தம் 294. ஒவ்வோர் இலத்திரனுக்கும் மூன்று ஆள்கூறுகள் என்றால், இலத்திரன்களின் நிலையை விவரிக்கும் அலைச் சார்பு 882 மாறிகளில் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாறிக்கும் பத்தே பத்துப் புள்ளிகளில் அதன் பெறுமானத்தை எழுதிவைப்பது என்றாலும், 1ஐத் தொடர்ந்து 882 பூச்சியங்கள் வரும் எண்ணிக்கையில் எண்களைச் சேமிக்க வேண்டும். காணக்கூடிய பிரபஞ்சத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையை மதிப்பிடுபவர்கள் சுமார் 80 பூச்சியங்களோடு நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் நேர்வழி அடைபட்டதே. அண்ணளவாக்கம் ஒன்றே வழி. எந்த அண்ணளவாக்கத்தை எங்கே நம்பலாம் என்பதைக் கற்பதுதான் இந்தப் பட்டப்பின் படிப்பின் உள்ளடக்கம்.

3. அண்ணளவாக்கங்களின் படிவரிசை

1. ஹார்ட்ரி–ஃபொக் முறை. ஒவ்வோர் இலத்திரனும் மற்றவற்றின் சராசரியான புலத்தில் இயங்குவதாகக் கொள்வது. 1928க்கும் 1930க்கும் இடையில் உருவான இம்முறை மொத்தச் சக்தியில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்த எண்ணை நீர் மூலக்கூறில் வைத்துப் பார்க்க வேண்டும். நீரின் மொத்தச் சக்தி சுமார் −76.44 ஹார்ட்ரி (அணு அளவிலான சக்தி அலகு), இம்முறை தரக்கூடிய மிகச் சிறந்த விடை சுமார் −76.07. விடுபட்டது அரைச் சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அதை மூலுக்குக் கிலோகலோரியாக மாற்றினால் ஏறத்தாழ 230 வருகிறது. நீர் மூலக்கூறை முற்றாக உடைத்துத் தனித்தனி அணுக்களாக்கத் தேவையான சக்தியும் ஏறத்தாழ அதே அளவுதான். இரசாயனம் நிகழ்வது அந்த அரைச் சதவீத வட்டாரத்தில். இலத்திரன்கள் ஒன்றையொன்று விலகி நடப்பதால் வரும் இந்த எச்சத்தைக் கூட்டுறவுச் சக்தி என்பர்.

2. இணைந்த கொத்து முறைகள். கூட்டுறவுச் சக்தியை ஒழுங்குமுறையாகத் திரும்பப் பெறுபவை. இவற்றுள் ‘பொன் நியமம்’ எனப்படும் முறையின் செலவு, மூலக்கூறின் பருமனின் ஏழாம் அடுக்கில் ஏறுகிறது. பருமன் இரட்டித்தால் வேலை 128 மடங்காகும். இதன் பொருளைச் சிறிய கணக்கொன்றால் காணலாம். ஓரளவு நல்ல துல்லியம் தரும் அடித்தளச் சார்புத் தொகுதி ஒன்றை, அதாவது இலத்திரன் பரம்பலை வரையப் பயன்படும் கணிதச் சார்புகளின் கூட்டத்தை, எடுத்துக்கொண்டால் நீருக்கு 58 சார்புகளும் தியாஃப்ளேவினுக்கு 1566 சார்புகளும் வரும். விகிதம் 27. நீருக்கு ஒரு செக்கன் ஆகும் என்று வைத்தால், தியாஃப்ளேவினுக்கு 27இன் ஏழாம் அடுக்கு, அதாவது 1046 கோடி செக்கன்கள், சுமார் 331 ஆண்டுகள் தேவை. தூர இலத்திரன் சோடிகளைக் கவனத்தோடு ஒதுக்கிச் செலவைக் குறைக்கும் உள்ளிட வடிவங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் முதிர்ச்சியடைந்ததால் இந்தச் சுவரில் இப்போது வாசல்கள் உண்டு.

3. அடர்த்திச் சார்புக் கோட்பாடு. டிஎஃப்டி என்று ஆய்வாளர் அனைவரும் அழைப்பது இதையே. 882 மாறிகளைக் கொண்ட அலைச் சார்பை விட்டுவிட்டு, மூன்றே ஆள்கூறுகளில் தங்கியுள்ள இலத்திரன் அடர்த்தியிலிருந்து சக்தியைப் பெறலாம் என்று ஹோஹன்பேர்க்கும் கோனும் 1964இல் நிறுவினர். அதை நடைமுறைக் கணக்காக்கும் வழியை கோனும் ஷாமும் 1965இல் கொடுத்தனர். இதில் செலவு ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் ஏறும். மேலே சொன்ன அதே கணக்கில் 331 ஆண்டுகள் ஐந்தரை மணித்தியாலங்களாகச் சுருங்கும். 1998ஆம் ஆண்டு நோபல் பரிசை கோனும், குவாண்டம் இரசாயனக் கணிப்புகளை எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளாக்கிய ஜோன் போப்பிளும் பகிர்ந்துகொண்டனர். ஆனால் கோட்பாடு ‘அடர்த்தியிலிருந்து சக்தியைத் தரும் சரியான சார்பு ஒன்று உண்டு’ என்றுதான் நிறுவுகிறது. அது எது என்று சொல்வதில்லை. ஆகவே நடைமுறையில் நூற்றுக்கணக்கான அண்ணளவுச் சார்புகள் புழங்குகின்றன.

4. மூலக்கூற்று இயக்கவியல். அணுக்களைப் பந்துகளாகவும் பிணைப்புகளை விற்சுருள்களாகவும் கொண்டு நியூட்டனின் விதிகளால் நகர்த்துவது. பல்லாயிரம் நீர் மூலக்கூறுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பிணைப்பு உடைவதை மட்டும் சாதாரண வடிவில் காட்ட முடியாது. இதைக் குவாண்டம் கணிப்போடு இணைத்தவர்களுக்கே 2013ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

4. எண் கிடைத்த பின்னர்தான் வேலை தொடங்குகிறது

மென்பொருளுக்கு மூலக்கூறின் வடிவத்தைக் கொடுத்து ஒரு கட்டளையைத் தட்டினால் எண் வந்துவிடும். வந்த எண் தவறு என்று மென்பொருள் சொல்லாது. கஃபீன்–தியாஃப்ளேவின் சேர்க்கையையே எடுத்துக்கொள்வோம். நீண்ட காலமாக மிகப் பரவலாகப் பயன்படும் சார்பு பி3எல்வைபி. தட்டையான இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது அவற்றைப் பிடித்துவைக்கும் முக்கிய விசை, இலத்திரன் அடர்த்தியின் கணநேர அசைவுகளால் வரும் கலைவு விசை. அந்த விசை பி3எல்வைபி சார்பில் இல்லை. திருத்தம் சேர்க்காமல் அதைப் பயன்படுத்துபவருக்கு, கஃபீன் அந்த வளையத்தின்மேல் படிவதற்கு ஆர்வமே காட்டாது என்ற விடை கிடைக்கக்கூடும். குவளையில் கண்ணெதிரே கலங்கிக் கிடக்கும் சாயத்தண்ணி அது பிழை என்கிறது. ஸ்டெஃபன் கிரிம்மேயின் குழு உருவாக்கிய கலைவுத் திருத்தங்கள் இன்று கட்டாயம் என்ற அளவுக்கு வழக்கமாகிவிட்டன.

அதைத் திருத்தினாலும் வேறு கேள்விகள் தொடரும். இரு மூலக்கூறுகளும் வெற்றிடத்தில் அல்ல, நீரில் இருக்கின்றன. நீரைச் சராசரி ஊடகமாகக் கொண்டது போதுமா? தியாஃப்ளேவினின் ஐதரொட்சிக் கூட்டங்கள் பல திசைகளில் திரும்பக்கூடியவை. கணக்கிட்ட வடிவம்தான் மிகத் தாழ்ந்த சக்தியுடையதா? இரண்டு மூலக்கூறுகள் ஒன்றாகும்போது எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) குறையும், அது சேர்க்கப்பட்டதா? தேநீர் ஆறினால்தான் கலங்கும் என்ற எளிய அவதானிப்பு இந்தக் கடைசிக் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது.

இந்தக் கவனம் ஏன் இவ்வளவு அவசியம் என்பதை ஓர் எண் காட்டும். 25 பாகை செல்சியஸில், சக்தியில் ஏற்படும் சுமார் 1.4 கிலோகலோரி பிழை சமநிலை மாறிலியைப் பத்து மடங்கு மாற்றிவிடும். பிழை 3 கிலோகலோரி என்றால் 150 மடங்குக்கு மேல். அதனால்தான் மூலுக்கு 1 கிலோகலோரி என்பதை ‘இரசாயனத் துல்லியம்’ என்று எல்லைக்கோடாக வைத்துள்ளனர். நிறத்திலும் இதே கதைதான். தியாஃப்ளேவின் 460 நானோமீற்றர் அளவில் ஒளியை உறிஞ்சும். கிளர்நிலைகளைக் கணிக்கும் டிஎஃப்டி வடிவத்தில் கால் இலத்திரன்வோல்ற்றுப் பிழை சாதாரணம். அது விடையை 421க்கோ 507க்கோ தள்ளிவிடும். தாளில் தேநீரின் நிறமே மாறிவிடும்.

ஆகவே, நல்ல பட்டப்பின் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் மிக மதிப்பான பகுதி பெரும்பாலும் முடிவுகள் அல்ல. சிறிய மாதிரி மூலக்கூறுகளில் தன் முறையைப் பரிசோதனை எண்களோடும் உயர்ந்த கணிப்புகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்த அத்தியாயம்தான். மூலிகைச் சேர்வை ஒன்றை நோய்க்குரிய புரதத்தில் கணினி வழியாகப் பொருத்தி, வந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து ‘மருந்து கண்டறியப்பட்டது’ என்று எழுதும் கட்டுரைகள் பெருகியுள்ளன. அந்த வேலையை ஒரு மாலையில் செய்யலாம் என்பதே அதன் ஆபத்து. அதைப் பட்ட ஆய்வாக எடுத்துக்கொள்ளும் மாணவர் தம் இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்குகிறார் என்றே கருத வேண்டியுள்ளது.

5. செயற்கை நுண்ணறிவு எதை மாற்றியது?

ஹசாபிஸ், ஜம்பர் ஆகியோரின் அல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டைத் தீர்க்கவில்லை. பரிசோதனையாளர்கள் பல பத்தாண்டுகளாகத் துலக்கி, 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சேர்த்துவைத்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளிலிருந்து அது கற்றுக்கொண்டது. கற்க அவ்வளவு தரவு இருந்த இடத்தில் அது வியக்கத்தக்கதாக வென்றது.

தேயிலைப் பொலிபீனோல்களுக்கு அப்படியொரு வங்கி இல்லை. தரவு இல்லாத இடத்தில் தரவை உருவாக்குவது குவாண்டம் கணிப்புதான். இன்று மூலக்கூறுகளுக்காகப் பயிற்றுவிக்கப்படும் இயந்திரக் கற்றல் மாதிரிகள் பலவும் டிஎஃப்டி கணிப்புகளையே பாடப்புத்தகமாகக் கொள்கின்றன. பாடப்புத்தகத்தின் பிழை மாணவனுக்கும் ஒட்டும். எனவே, அந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிந்தவரின் தேவை கூடியிருக்கிறது.

6. பட்டங்களும் பாதைகளும்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சிறப்பு இளமாணிப் பட்டம் 6ஆம் மட்டத்தில் உள்ளது. பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வுப் பகுதியும் கொண்ட முதுமாணி 10, முதுதத்துவமாணி 11, கலாநிதிப் பட்டம் 12. மலையகத்தில் இதற்கான இயல்பான முதல் முகவரி பேராதனை: பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையும், அங்கேயே இயங்கும் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும். கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் சாயமூட்டிய சூரியக் கலங்கள் போன்ற திரவிய ஆய்வுகளுக்குப் பெயர்பெற்றது. அத்தகைய குழுக்களின் பரிசோதனைத் தரவோடு கணிப்பை இணைப்பது வளமான வழி. 1925இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் துறையும் இதற்கு அந்நியமல்ல.

வெளிநாடு செல்வோர் ஒரு வேறுபாட்டை முன்கூட்டியே அறிய வேண்டும். அமெரிக்காவில் சிறப்புப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் படிப்பில் சேரலாம். கற்பித்தல் உதவியாளர் பணியே பெரும்பாலும் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் தாங்கும். ஐந்தாண்டு அளவில் ஆகும். ஐரோப்பாவில் வழக்கமாக முதுமாணி முதலில் வேண்டும். பின்னர் மூன்று நான்கு ஆண்டுகள். கோட்பாட்டு இரசாயனவியலுக்கென்றே பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் இரண்டாண்டு முதுமாணியும் உள்ளது.

7. மலையகத்திலிருந்து நுழைவதில் உள்ள உண்மையான செலவு

‘கருவி வேண்டாம், ஆகவே செலவில்லை’ என்பது பாதி உண்மை. ஓர்கா என்ற கணிப்பு மென்பொருள் கல்வித்துறையினருக்கு இலவசம். சை4, என்டபிள்யூகெம் போன்றவை திறந்தமூல மென்பொருள்கள். சாதாரண மடிக்கணினியிலேயே கஃபீன் அளவு மூலக்கூறின் வடிவத்தை டிஎஃப்டி முறையில் சீராக்கிவிடலாம். இவ்வளவு குறைந்த முதலோடு உலகத் தரமான கேள்வியைத் தொடக்கூடிய பரிசோதனைத் துறை இரசாயனத்தில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் செலவு வேறு இடங்களில் நிற்கிறது.

1. கணிதம். தோட்டப்புறங்களில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் குறைவு. உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதி இரசாயனவியல் சிறப்புப் பட்டத்துக்கு வருபவர்கள் இணைந்த கணிதத்தைத் தொடாதவர்கள். தாயங்கள், ஐகன் பெறுமானங்கள், பகுதி வகையீடு இல்லாமல் ஹார்ட்ரி–ஃபொக் முறையின் முதற் பக்கத்தைக்கூடக் கடக்க முடியாது. இது ஓராண்டு ஒழுங்கான உழைப்பில் ஈடுசெய்யக்கூடிய குறை. ஆனால் விண்ணப்பிக்கும் ஆண்டில் தொடங்கினால் பிந்திவிடும். இரண்டாம் வருடத்திலேயே கணிதத் துறையின் பாடங்களைத் துணைப் பாடமாக எடுப்பது நல்லது.

2. மொழி. தமிழில் இரசாயனம் படித்தவர் ஆங்கிலத்தில் அதைத் தொடரும்போது முதல் வருடம் சொற்களுக்கே போய்விடுகிறது. சமன்பாடும் நிரலும் எம்மொழியிலும் ஒன்றே என்பது இத்துறையில் சிறு ஆறுதல்.

3. மின்சாரம். 2022ஆம் ஆண்டின் மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் தடைப்பட்டது. லக்சபானைத் தொகுதியின் நீர் மின்சாரம் பிறக்கும் இதே மலைகளில், மழைக்காலத்து மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் தோட்டங்கள் இருளில் மூழ்கும். மூன்று நாள் ஓட வேண்டிய கணிப்பு இரண்டாம் நாள் நின்றால் அத்தனையும் வீண். இடைநிலைக் கோப்புகளைச் சேமித்து விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்வதை முதல் வாரத்திலேயே பழக வேண்டும்.

4. வழிகாட்டி. இதுவே மிக அரிது, மிகப் பெறுமதியானது. எண் தவறும்போது ‘இது நடக்காது, அடித்தளத் தொகுதியைப் பார்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். மேற்பார்வையாளரைத் தேர்வோர், அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையை விட, அவற்றில் முறை சரிபார்க்கப்பட்ட பகுதி எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டுள்ளது என்பதைப் படிக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன்னர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள விரும்பும் மாணவருக்குப் பொருத்தமான பயிற்சி, மேலே சொன்ன நீர் மூலக்கூறுதான். ஓர்காவை நிறுவி, ஹார்ட்ரி–ஃபொக் முறையில் சிறிய அடித்தளத் தொகுதியிலிருந்து பெரியதுக்கு ஏறிக்கொண்டே போனால், சக்தி படிப்படியாக இறங்கி −76.07க்கு அருகில் வந்து நின்றுவிடும். தொகுதியை எவ்வளவு பெருப்பித்தாலும் அதற்குக் கீழே போகாது. அங்கே முறையை மாற்றி இணைந்த கொத்துக்கு வந்தால் சக்தி மறுபடி இறங்கத் தொடங்கும். இந்த இறக்கத்தை ஒரு வரைபில் வரைந்து, எந்தப் பகுதி தொகுதியின் குறைவால் வந்தது, எந்தப் பகுதி முறையின் குறைவால் வந்தது என்று ஒரு பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை விண்ணப்பக் கடிதத்தோடு இணைத்து அனுப்புவதிலும் தவறில்லை.